சிமெண்ட் சூரியன் வேண்டாம், ஒரு கம்பு போதும்

கேள்வி: நான் 6 முதல் 8ஆம் வகுப்பு வரை அறிவியல் எடுக்கும் ஆசிரியை. பள்ளிக் கட்டடத்துக்குப் பின்னால் சுமார் 30 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலத்தில் ஒரு காலி இடம் இருக்கிறது. நடுவில் ஒரு பெரிய மரம், ஓரத்தில் ஒரு தண்ணீர்க் குழாய், நீளவாக்கில் ஒரு கோடியில் உயரமான சுற்றுச்சுவர். தரை லேசாகச் சரிந்திருக்கிறது. அதை அறிவியல் பூங்காவாக்க நிர்வாகம் பணம் ஒதுக்கி, வரைபடமும் வந்துவிட்டது: சிமெண்டில் சூரியக் குடும்பம், டி.என்.ஏ. ஏணி, மரத்தைச் சுற்றி மேடை, 40 பேர் உட்காரும் படிக்கட்டு அரங்கம், ஒரு குளம். எனக்குக் கிடைப்பதோ 40 நிமிட பீரியட். வெளியே கூட்டிப்போனால் பிள்ளைகள் அடங்க மாட்டார்கள், திரும்பி வந்தும் படிக்க மாட்டார்கள் என்று தலைமை ஆசிரியர் பயப்படுகிறார். எனக்கும் கொஞ்சம் அந்தப் பயம் உண்டு. இந்த வரைபடத்தில் எதை வைத்துக்கொள்வது, எதை மாற்றுவது?

பதில்:

முதலில் ஒரு வேண்டுகோள். வேலை தொடங்குவதை ஒரு மாதம் தள்ளிப்போடச் சொல்லிப் பாருங்கள். பணம் ஒதுக்கியபின் இப்படிக் கேட்பது எவ்வளவு சங்கடம் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் கேளுங்கள். ஏன் என்று சொல்கிறேன்.

பள்ளி வளாகங்களை வடிவமைப்பதுதான் என் தொழில். ஆரம்ப காலத்தில் ஒரு பள்ளிக்கு அரைவட்டமாகக் கல் படிக்கட்டு அரங்கம் அமைத்துக் கொடுத்தேன். திறப்பு விழா காலை 9 மணிக்கு. எல்லோரும் பாராட்டினார்கள், நானும் பூரித்துப் போனேன். அறிவியல் வகுப்புகள் பெரும்பாலும் மதியத்துக்கு மேல் என்பதை நான் கேட்டுக்கொள்ளவே இல்லை. படிகள் மேற்குப் பார்த்திருந்தன. 2 மணிக்கு மேல் வெயில் நேராகக் கண்ணில் அடிக்கும், கல்லில் கை வைக்க முடியாது. மறு வருடம் போனபோது அந்தப் படிகளில் உடைந்த பெஞ்சுகளை அடுக்கி வைத்திருந்தார்கள். தவறு முழுக்க என்னுடையது. அன்றிலிருந்து, நிழல் எங்கே விழுகிறது என்று தெரியாமல் ஒரு இருக்கையைக்கூட நான் வரைவதில்லை.

அந்த ஒரு மாதத்தில் செய்யவேண்டியது இதைத்தான். காலையிலிருந்து மாலை வரை ஒவ்வொரு மணிக்கும் மரத்தின் நிழல் எங்கே விழுகிறது என்று பிள்ளைகளையே சுண்ணாம்புப் பொடியால் கோடு போடச் சொல்லுங்கள். வானில் சூரியன் மணிக்கு 15 பாகை நகர்வதால், 10 மணி வகுப்புக்கு நிழலாக இருந்த இடம் 2 மணி வகுப்புக்கு வெட்டவெளி. மழை பெய்தால் தண்ணீர் எங்கே ஓடுகிறது, எங்கே தேங்குகிறது, எறும்புப் புற்று எங்கே, யாரும் சொல்லாமலே பிள்ளைகள் எந்த வழியாக நடக்கிறார்கள் என்பதையெல்லாம் ஒரு பெரிய தாளில் குறியுங்கள். அதுதான் உங்கள் அடிப்படை வரைபடம். அதைப் பிள்ளைகள் வரைந்திருப்பார்கள், அப்போதே பாதிப் பாடம் நடந்திருக்கும்.

இனி வடிவமைப்புக்கு வருகிறேன். எந்தப் பள்ளிக்குப் போனாலும் நான் முதலில் தேடுவது ஜோடிகளைத்தான். வெயில் விழும் மண்ணும் நிழலில் கிடக்கும் மண்ணும். ஆள் நடந்து இறுகிய தரையும் கால் படாத தரையும். புல் வெட்டிய துண்டும் வெட்டாத துண்டும். சரிவின் மேல்பக்கமும் கீழ்ப்பக்கமும். ஒற்றையாக நிற்கும் பொருளைப் பிள்ளை பார்க்கும், அழகாக இருக்கிறது என்று சொல்லும், நகர்ந்துவிடும். இரண்டை அருகருகே வைத்தால் "ஏன் இது வேறு மாதிரி இருக்கிறது?" என்ற கேள்வி தானாக வரும். கேள்வி வந்தால் அளக்கத் தோன்றும். 11லிருந்து 14 வயதுப் பிள்ளைகளுக்கு இது மிகவும் பொருந்தும். சின்னப் பிள்ளைகளைப் போல வியப்போடு நின்றுவிடும் வயதும் இல்லை, சமன்பாட்டை மட்டும் வைத்துத் திருப்திப்படும் வயதும் இல்லை. கையில் ஒரு அளவுகோலைக் கொடுத்தால் சண்டை போட்டுக்கொண்டாவது அளப்பார்கள்.

உங்கள் இடத்தில் இந்த ஜோடிகள் எல்லாமே ஏற்கெனவே இருக்கின்றன. வந்திருக்கும் வரைபடம் அவற்றை ஒவ்வொன்றாக அழிக்கிறது. அதுதான் எனக்கு வருத்தம்.

சிமெண்ட் சூரியக் குடும்பத்தையே எடுத்துக்கொள்வோம். பக்கத்தில் பக்கத்தில் வண்ண உருண்டைகளை வைத்தால் பிள்ளைகள் மனத்தில் பதிவது பொய். உண்மையான அளவில் செய்து பாருங்கள். ஆயிரம் கோடியில் ஒரு பங்காகச் சுருக்கினால் சூரியன் 14 சென்டிமீட்டர் உருண்டை. பூமி அதிலிருந்து 15 மீட்டர் தள்ளி, 1.3 மில்லிமீட்டர்தான், ஒரு குண்டூசித் தலை அளவு. சந்திரன் பூமியிலிருந்து 4 சென்டிமீட்டருக்கும் சற்றுக் குறைவான தூரத்தில் ஒரு புள்ளி. செவ்வாய் 23 மீட்டரில் வரும். அதோடு உங்கள் இடம் கிட்டத்தட்ட முடிந்துவிட்டது. வியாழன் 78 மீட்டரில், அநேகமாகப் பள்ளி வாசலில் இருக்கும். நெப்டியூன் 450 மீட்டரில், தெருவில் எங்கோ. சூரியனுக்கு மிக அருகில் உள்ள இன்னொரு நட்சத்திரத்தை வைக்க 4,000 கிலோமீட்டர் போக வேண்டும். இதற்குத் தேவை ஒரு பந்து, சில குண்டூசிகள், ஒரு நீளமான கயிறு. பூமி என்ற குண்டூசியைப் பிடித்துக்கொண்டு 15 மீட்டர் தள்ளி நிற்கும் பிள்ளை, அந்தப் பந்தைத் திரும்பிப் பார்க்கும் நேரத்தை எந்தச் சிமெண்ட் உருண்டையும் தர முடியாது. நிர்வாகத்துக்குக் காட்ட ஏதாவது வேண்டுமே என்றால், தரையில் அந்தந்தத் தூரத்தில் சின்னப் பித்தளைக் குமிழ்களைப் பதிக்கச் சொல்லுங்கள். அழகாகவும் இருக்கும்.

டி.என்.ஏ. ஏணியைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. அதைப் பிள்ளைகள் ஏறி விளையாடுவார்கள். விளையாட்டுச் சாமானாக வேண்டுமானால் வையுங்கள்.

சிமெண்ட் சூரியனுக்குப் பதிலாக நான் கேட்பது வெயில் நாள் முழுக்கப் படும் ஓர் இடமும், அதில் செங்குத்தாக நிற்கும் 1 மீட்டர் கம்பும். சுற்றிலும் 3 மீட்டர் அளவுக்குச் சமமான, கோடு போடக்கூடிய தரை. ஒவ்வொரு 20 நிமிடத்துக்கும் நிழலின் நுனியைக் குறிக்கட்டும். மிகக் குட்டையான நிழல் வடக்கு தெற்காகக் கிடக்கும். திசைகாட்டியை வைத்துப் பார்த்தால் சில ஊர்களில் கொஞ்சம் விலகும், அது தனிப் பாடம். அந்தக் குட்டை நிழல் கடிகாரத்தில் சரியாக 12 மணிக்கு வருவது அபூர்வம் என்று கண்டதும் ஏதாவது ஒரு பிள்ளை "மிஸ், மணி தப்பா?" என்று கேட்காமல் இருக்காது. வாரம் ஒரு முறை, எப்போதும் ஒரே மணிக்கு நுனியைக் குறித்து வந்தால் வருட முடிவில் 8 போன்ற ஒரு வடிவம் தரையில் கிடைக்கும். கி.மு. 3ஆம் நூற்றாண்டில் எரடோஸ்தனிஸ் என்ற கிரேக்க அறிஞர் பூமியின் சுற்றளவைக் கணக்கிட்டதும் இப்படி ஒரு நிழலை வைத்துத்தான். சையின் என்ற ஊரில் சூரியன் உச்சியில் இருந்த வேளையில் அலெக்சாந்திரியாவில் நிழலின் கோணம் வட்டத்தில் ஐம்பதில் ஒரு பங்கு. வேறொரு ஊரில் உள்ள பள்ளியோடு சேர்ந்து உங்கள் 8ஆம் வகுப்பும் அதைச் செய்யலாம். ஒன்றுக்கு நேர் வடக்கே இன்னொன்று இருப்பது நல்லது, சில நூறு கிலோமீட்டர் தள்ளி இருந்தால் போதும். ஒன்றை மட்டும் முதல் நாளே சொல்லிவிடுங்கள்: நிழலைத்தான் பார்க்க வேண்டும், சூரியனை எந்தக் காரணத்துக்காகவும் நேராகப் பார்க்கக் கூடாது.

அடுத்தது மரம். மேடையை ஒத்துக்கொள்ளாதீர்கள். மரம் தண்ணீரையும் காற்றையும் எடுக்கும் மெல்லிய வேர்கள் பெரும்பாலும் மண்ணின் மேல் அரை மீட்டரிலேயே, கிளைகளின் பரப்பைத் தாண்டியும் படர்ந்திருக்கும். அதன்மேல் கான்கிரீட் போட்டால் மரம் உடனே சாகாது. சில வருடங்களில் மெதுவாக உலரும், காரணம் யாருக்கும் நினைவிருக்காது. அடியில் உதிர்ந்த இலைகளைக் கூட்டி எரிக்காமல் ஒரு பக்கம் அப்படியே விடுங்கள். இன்னொரு பக்கம் கூட்டிச் சுத்தமாக வையுங்கள். ஜோடி தயார். இரண்டு மாதம் கழித்து இரண்டு பக்கத்திலும் ஒரு கைப்பிடி மண்ணைத் தோண்டி வெள்ளைத் தாளில் கொட்டிப் பார்க்கட்டும். மண்ணைத் தண்ணீர் உள்ள கண்ணாடிக் குடுவையில் போட்டுக் குலுக்கி வைத்தால் மணல் ஒரு நிமிடத்தில் அடியில் உட்காரும், வண்டல் சில மணி நேரம் எடுக்கும், களி படிய நாட்கள் ஆகும். பக்கத்தில் பக்கத்தில் வைத்த குடுவைகளின் அடுக்குகளே பேசும்.

அதே மரத்தில் உறுதியான கிளை இருந்தால் 4 மீட்டர் நீளத்தில் ஓர் ஊசல் கட்டுங்கள். கிளையின் உறுதியை விவரம் தெரிந்தவரிடம் சோதித்துவிட்டுத்தான். ஒரு முழு அலைவுக்கு 4 விநாடி ஆகும். பக்கத்தில் 1 மீட்டர் ஊசல், அதற்கு 2 விநாடி. நீளம் நான்கு மடங்கானால் நேரம் இரண்டு மடங்குதான் ஆகிறது. குண்டின் எடையை மாற்றினால் ஒன்றும் மாறுவதில்லை. இதை வகுப்பறை மேசையில் செய்தால் விநாடியின் பின்னத்தில் குழப்பம் வரும். வெளியே உயரம் இருக்கிறது, அதை விட்டுவிடாதீர்கள். பாலித்தீன் பையை இலைக் கொத்தின் மேல் கட்டி வைத்து முதல் பீரியடுக்கும் கடைசி பீரியடுக்கும் நடுவில் எவ்வளவு தண்ணீர் சேர்கிறது என்று பார்ப்பதும் இங்கேயே நடக்கும். வெயில் பக்கக் கிளையில் ஒரு பை, நிழல் பக்கக் கிளையில் ஒரு பை. மாலையில் பைகளை அவிழ்த்துவிட மறக்க வேண்டாம்.

மரப்பட்டையில் சாம்பலும் பச்சையுமாகத் திட்டுத்திட்டாக ஏதாவது படிந்திருக்கிறதா? அது லைக்கனாக இருக்கலாம். பூசணமும் பாசியும் சேர்ந்து வாழும் உயிர் அது. 1866ல் நைலாண்டர் என்ற தாவரவியலாளர் பாரிசின் லக்சம்பர்க் தோட்டத்தில் இருந்த லைக்கன்கள் நகரத்தின் மற்ற இடங்களில் இல்லாததைக் கவனித்து, காற்றின் தூய்மையை அவை காட்டுவதாக எழுதினார். சாலைப் பக்கத்து மரத்தையும் உள்பக்கத்து மரத்தையும் உங்கள் பிள்ளைகள் ஒப்பிடட்டும். மரங்களுக்குப் பெயர்ப் பலகை வேண்டாம். எண் மட்டும் போதும், பெயரைப் பிள்ளைகள் கண்டுபிடிக்கட்டும். எண்ணை ஆணி அடித்தோ கம்பியால் இறுக்கியோ மாட்டவும் கூடாது. மரம் பருக்கும்போது கம்பி பட்டையை அறுக்கும்.

அந்தச் சுற்றுச்சுவரைப் பற்றி வரைபடத்தில் ஒரு வார்த்தை இல்லை, ஆனால் உங்கள் இடத்தின் பெரிய சொத்து அதுதான். 30 மீட்டர் தள்ளி நின்று இரண்டு மரக்கட்டைகளைத் தட்டினால் எதிரொலி தெளிவாகக் கேட்கும். 17 மீட்டருக்குக் குறைவாக இருந்திருந்தால் தட்டலும் எதிரொலியும் காதில் ஒட்டிக்கொள்ளும். இரண்டு தட்டலுக்குச் சரியாக நடுவில் எதிரொலி விழும்படி ஒரே சீராகத் தட்டப் பழகச் சொல்லுங்கள். அப்படிச் செய்தால் ஒரு தட்டலுக்கும் அடுத்ததற்கும் நடுவில் ஒலி 120 மீட்டர் பயணம் செய்திருக்கும். 20 இடைவெளிகளுக்கு எத்தனை விநாடி என்று எண்ணினால் சுமார் 7 வரும். வகுத்துப் பார்த்தால் விநாடிக்கு 340 மீட்டர் பக்கத்தில் நிற்கும். தாளம் பழக இரண்டு மூன்று வகுப்பு ஆகும், சத்தம் காதைப் பிளக்கும். பக்கத்து வகுப்பு ஆசிரியரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். சுவரின் மேல் கொடி படர விடாதீர்கள், எதிரொலி மங்கிவிடும்.

சரி, 40 பேரை எங்கே உட்கார வைப்பது? 40 பேரும் ஒன்றாக உட்கார வேண்டியது தொடக்கத்தில் 5 நிமிடம், முடிவில் 5 நிமிடம். அதற்கு ஒரு அரங்கம் கட்டுவது வீண். வகுப்பறையில் சுவர்கள் உங்கள் குரலைத் திருப்பி அனுப்பி உதவுகின்றன. வெட்டவெளியில் தூரம் இரண்டு மடங்கானால் ஒலி அளவு 6 டெசிபல் இறங்கும். கடைசிப் பிள்ளை உங்களிடமிருந்து 6 மீட்டருக்குள் இருக்கும்படி மூன்று வரிசையில் நெருங்கி உட்காருவதே நல்லது. தூக்கி நகர்த்தக்கூடிய குட்டை மரத்துண்டுகளோ பாய்களோ போதும். நிழல் நகர்ந்தால் வகுப்பும் நகரட்டும். வெயில் யார் முகத்திலாவது அடிக்க வேண்டுமென்றால் அது உங்கள் முகமாக இருக்கட்டும், பிள்ளைகள் முதுகில் படட்டும். கண் கூசும் பிள்ளை கவனிக்காது.

40 நிமிடத்தில் போக வர, கை கழுவ 10 நிமிடம் போய்விடும். மீதி 30. இந்தக் கணக்கில்தான் பல அழகான வெளி வகுப்பறைகள் தோற்றுப்போகின்றன. வெப்பமானி ஆய்வகத்தில், அளவு நாடா ஆசிரியர் அறையில், சாவி அலுவலகத்தில் என்றால் இரண்டாவது வாரமே நீங்கள் சலித்துவிடுவீர்கள். என் அனுபவத்தில் ஒரு வெளியிடம் பயன்படுமா படாதா என்பதைத் தீர்மானிப்பது அங்கேயே நிற்கும் ஒரு பூட்டுப் பெட்டி. அதில் பத்துக் குழுவுக்கும் பத்துத் தொகுப்பு: தரையில் வைத்து உள்ளே இருப்பதை எண்ண 1 மீட்டர் சதுரச் சட்டம், நாடா, வெப்பமானி, உருப்பெருக்கி, காற்றில் தாள் பறக்காதபடி கவ்வி உள்ள அட்டை. நாலு பேருக்கு ஒரு சட்டம் என்றால் 40 பேருக்கும் வேலை இருக்கும். பெட்டிச் சாவி உங்கள் கையில். அரங்கத்துக்கு ஒதுக்கிய பணத்தில் சின்ன பங்கே இதற்குப் போதும்.

அடங்க மாட்டார்கள் என்ற பயத்துக்கு வருகிறேன். முதல் இரண்டு மூன்று தடவை அடங்க மாட்டார்கள்தான். புது இடம், பார்க்க ஆயிரம் விஷயம். அந்த நாட்களில் பாடத்தைத் திணிக்காமல் இடத்தையே பாடமாக்குங்கள், நான் சொன்ன நிழல் வரைபடம் அதற்குத்தான். அப்புறம் வேலையை உள்ளே இருக்கும்போதே சொல்லிவிட்டு, "போய் இதை அளந்து வாருங்கள்" என்று அனுப்புங்கள். வெளியே போனபின் சொல்ல ஆரம்பித்தால் தொலைந்தீர்கள். தலைமை ஆசிரியருக்கு ஒரு தகவல் சொல்லலாம். அமெரிக்காவில் இலினாய் பல்கலைக்கழகத்தின் மிங் குவோ குழு 2018ல் வெளியிட்ட ஆய்வில், 9, 10 வயதுப் பிள்ளைகளுக்கு ஒரே ஆசிரியர் சில பாடங்களை வெளியிலும் அதே மாதிரிப் பாடங்களை உள்ளேயும் நடத்தினார். வெளிப்பாடம் முடிந்து வந்தபின் நடந்த வகுப்பில், பாடத்தை நிறுத்திக் "கவனி" என்று சொல்ல வேண்டிவந்த தடவைகள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தன. உங்கள் பிள்ளைகள் இரண்டு மூன்று வயது மூத்தவர்கள், அதை அப்படியே பொருத்த முடியாது. ஆனாலும் திரும்பி வந்தால் படிக்கவே மாட்டார்கள் என்ற முடிவை ஒத்திப்போட இது போதும்.

குளத்தை இரண்டாம் வருடத்துக்குத் தள்ளிப்போடுங்கள். ஆழமில்லாத தண்ணீரிலும் சின்னப் பிள்ளை மூழ்கும், கீழ் வகுப்புப் பிள்ளைகள் அங்கே வராமல் இருக்க மாட்டார்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் கொசு முட்டையிலிருந்து பறக்க ஒரு வாரம் போதும். இப்போதைக்கு வலை மூடிய ஒரு அகலத் தொட்டி. வாராவாரம் தண்ணீரை மாற்றினால் கொசு வளராது, மாற்றும் முன் ஒரு கிண்ணம் எடுத்துப் பார்த்தால் புழுக்களும் கிடைக்கும். அரளி, ஊமத்தை போன்ற விஷச் செடிகள் இருந்தால் எடுத்துவிடுங்கள். தேனீ கொட்டினால் ஒவ்வாமை வரும் பிள்ளை யார் என்று பெற்றோரிடம் கேட்டு வையுங்கள். சக்கர நாற்காலியில் வரும் பிள்ளை இன்று இல்லாவிட்டாலும் நாளை வரலாம். பாதை ஒன்றரை மீட்டர் அகலம், 12 மீட்டர் நீளத்துக்கு 1 மீட்டருக்கு மேல் ஏறாத சரிவு, ஒரு பாத்தியாவது 70 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கட்டும்.

ஒரு மழைமானியும் ஒரு தடித்த நோட்டும் வாங்குங்கள். மழை, வெப்பம், மரத்தில் முதல் தளிர், முதல் பூ எல்லாம் அதில் ஏறட்டும். 1 மில்லிமீட்டர் மழை என்றால் 1 சதுர மீட்டரில் 1 லிட்டர். 100 சதுர மீட்டர் கூரையில் 10 மில்லிமீட்டர் பெய்தால் எவ்வளவு என்று 6ஆம் வகுப்பே கணக்குப் போட்டுவிடும். இந்த நோட்டை வகுப்பு வகுப்பாகக் கைமாற்றுங்கள். நீங்கள் மாற்றலாகிப் போனாலும் அந்த இடம் நிற்க வேண்டும், ஆர்வமுள்ள ஒரு ஆசிரியரை மட்டும் நம்பி இருக்கக் கூடாது. ஐந்து வருட நோட்டு இருக்கும் இடத்தை யாரும் லேசில் வாகன நிறுத்தமாக்க மாட்டார்கள்.

கடைசியாக, அவசரமான ஒன்று. தரையைச் சமப்படுத்த விடாதீர்கள். வரைபடத்தில் அப்படி ஒரு வரி இருக்கிறதா என்று பாருங்கள், பெரும்பாலும் இருக்கும். அந்தச் சரிவில் இரண்டு பட்டைகளை ஒதுக்குங்கள், ஒன்றில் புல் வளரட்டும், ஒன்று வெறும் மண்ணாக இருக்கட்டும். மேலிருந்து இரண்டிலும் ஒரே அளவு தண்ணீரை ஊற்றிக் கீழே வெள்ளைக் கிண்ணத்தில் பிடித்தால் ஒன்று கலங்கலாகவும் ஒன்று தெளிவாகவும் வரும். நிழல் கம்புக்கான 3 மீட்டர் வட்டம் மட்டும் சமமாக இருந்தால் போதும். மண் அள்ளும் இயந்திரம் எந்த நாள் வருகிறது என்று இன்றே கேட்டுவிடுங்கள்.